பொய் வழக்குக்குப் பதிலாகப் பொய் வழக்குப் போடுவது கூடுமா?

மேலூர்ப் பக்கத்துச் சகோதரர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தம் பெயரும் ஊரும் வெளிவர வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டிருப்பதால் விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இவருக்கும் இவருடைய பெரியத்தா மகனுக்கும் அடுத்தடுத்த வயல்கள். பாட்டனார் காலத்துக் கிணறு ஒன்று பொதுவில் இருக்கிறது. வாரத்தில் இன்னின்ன நாள் இன்னாருக்குத் தண்ணீர் என்று முறை வைத்து இரண்டு தலைமுறை இறைத்து வந்திருக்கிறார்கள். கிணற்றுக்குச் செல்லும் வண்டிப்பாதையில் ஒரு தகராறு கிளம்பியதும், பெரியத்தா மகன் முன்சீப் கோர்ட்டுக்குப் போய், “கிணற்றில் இவருக்குப் பங்கே கிடையாது” என்று பிராது கொடுத்துத் தடை உத்தரவும் வாங்கிவிட்டார். ஆறு வருஷமாக வாய்தா, வாய்தா என்று நடந்து கொண்டிருக்கிறது. இடையில் போலீஸில் இரண்டு புகார் வேறு. வயல் காய்கிறது.

இந்த நிலையில், விஷயம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஒருவர் இவருக்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார். “நீயும் ஒரு கேஸ் போடு. அவர் உன்னிடம் கைமாற்று வாங்கினார் என்று ஒரு புரோநோட்டு தயார் செய். சாட்சிக்கு இரண்டு பேர் பார். அடுத்த மாதமே ராஜிக்கு வருவார், பார்!” என்பது யோசனை. சகோதரர் கேட்பது இதுதான்: “அவர் போட்டது பொய் வழக்கு. நான் போடப் போவதும் பொய்தான். ஆனால் என் நிய்யத்து என் ஹக்கை மீட்பது. மார்க்கத்தில் இது கூடுமா?”

கூடுமா, கூடாதா என்று ஒரே வரியில் பதில் எழுதி அனுப்பிவிடலாம். அப்படிச் செய்ய எனக்கு மனமில்லை. கேள்வி ஒருவருடையதாக இருந்தாலும் இந்த நோய் ஒருவருடையதன்று. மதுரை ஜில்லாவில் எந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்தாலும் இந்த “எதிர் கேஸ்” யோசனை காதில் விழும். முறை தெரிந்தவர் செய்கிற காரியம் போலவே அதைப் பேசுகிறார்கள். ஆதலால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

கோர்ட்டில் புழங்கும் சொற்களைக் கவனித்திருக்கிறீர்களா? வக்கீல், வக்காலத்து, முன்சீப், அமீனா, ஜாமீன், ஆஜர், தாவா, ராஜி, அசல், நகல். இவையெல்லாம் நவாபு காலத்து நிர்வாகத்தின் வழியாக நம் தமிழுக்குள் வந்து தங்கிவிட்ட அரபுச் சொற்கள். முன்சீப் என்றால் இன்சாஃப் செய்பவர், நீதமாக நடப்பவர் என்று பொருள். அமீன் என்றால் நம்பிக்கைக்குரியவர். ராஜி என்பது ‘ராளீ’, அதாவது மனம் பொருந்தியவர் என்பதிலிருந்து வந்தது. வாய்தா என்பது ‘வஃதா’, வாக்குறுதி. இன்ன நாளில் வருகிறேன், சாட்சியைக் கொண்டு வருகிறேன் என்று நீதிபதிக்குக் கொடுக்கும் வாக்குக்குத்தான் அந்தப் பெயர் ஏற்பட்டது. இன்று வாய்தா என்றால் வராமல் இருப்பதற்குக் கிடைக்கும் அனுமதி என்றே நம் ஜனங்கள் விளங்கி வைத்திருக்கிறார்கள். சொல் அப்படியே இருக்கிறது, பொருள் தலைகீழாகப் போய்விட்டது.

வழக்கைத் துன்பக் கருவியாக்கும் பழக்கம் புதிதன்று, நம்மூருக்கு மட்டும் உரியதுமன்று. இங்கிலாந்தில் அலெக்சாண்டர் சாஃபர்ஸ் என்று ஒரு சட்டம் படித்த மனிதர் இருந்தார். பட்டத்து இளவரசர் முதல் பெரிய மனிதர்கள் பலர் மீதும் நாற்பதுக்கு மேற்பட்ட வழக்குகளைத் தொடர்ந்தார். அதன் விளைவாக 1896இல் அங்கே ஒரு சட்டம் பிறந்தது. ஆதாரமின்றி வழக்குப் போடுவதையே வழக்கமாகக் கொண்டவர் என்று ஒருவரைப் பற்றி நீதிமன்றம் தீர்மானித்துவிட்டால், அதன்பின் அனுமதி பெறாமல் அவர் புதிய வழக்குத் தொடர முடியாது என்பது அதன் சாரம்.

இந்தியாவில் இதே போன்ற சட்டத்தை முதலில் இயற்றியது நம் சென்னை மாகாணம்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1949ஆம் ஆண்டின் 8ஆவது சட்டம் அது. தொல்லை வழக்குத் தடுப்புச் சட்டம் என்று சொல்லலாம். அட்வகேட் ஜெனரல் உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். குறிப்பிட்ட நபர் நியாயமான காரணமின்றி, தொல்லை கொடுக்கும் வழக்குகளைப் பழக்கமாகவே தொடர்ந்து வருகிறார் என்று நீதிமன்றம் திருப்தியடைய வேண்டும். அவர் தரப்பையும் கேட்க வேண்டும். அதன்பின் உத்தரவு போட்டால், அவர் சென்னை நகரில் வழக்குத் தொடர உயர்நீதிமன்றத்தின் அனுமதியும், மற்ற இடங்களில் மாவட்ட நீதிபதியின் அனுமதியும் பெற்றாக வேண்டும். சிவில் வழக்கானாலும் கிரிமினல் வழக்கானாலும் இதே விதிதான். “கோர்ட் வாசலை அடைக்கிறார்களே, இது அரசியல் சட்டத்துக்கு ஒத்ததா?” என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1965இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. 1971இல் மகாராஷ்டிர மாநிலமும் இப்படி ஒரு சட்டம் செய்துகொண்டது. 2005இல் மத்திய சட்டக் கமிஷன் தன் 192ஆவது அறிக்கையில் நாடு முழுவதற்குமே இத்தகைய சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இனி நம் கிதாபுகள் பக்கம் வருவோம். ஆயிரத்து இருநூறு வருஷங்களுக்கு முன் மதீனாவில் இதே கேள்வி எழுந்திருக்கிறது! வாதியின் மீது சாட்சி, மறுப்பவர் மீது சத்தியம் என்பது நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்த விதி. வாதியிடம் சாட்சியில்லை என்றால், பிரதிவாதி அல்லாஹ்வின் மீது ஆணையிட்டு மறுக்க வேண்டும். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் இதில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்கள். வாதிக்கும் பிரதிவாதிக்கும் இடையே முன்பே கொடுக்கல் வாங்கல் தொடர்பு இருந்தது என்று தெரிந்தாலன்றி, பிரதிவாதியைச் சத்தியத்துக்கு அழைக்கக் கூடாது என்றார்கள். கலப்பு என்ற பொருளில் இதற்கு ‘குல்தா’ என்று பெயர். காரணம் என்ன? இந்த நிபந்தனை இல்லாவிட்டால், மரியாதை தெரியாதவர்கள் கண்ணியமான மனிதர்களை ஒரே நாளில் பலமுறை இழுத்து வந்து ஆணையிட வைத்தே அவமானப்படுத்திவிடுவார்கள்! மதீனாவின் பழைய பிக்ஹு மேதைகளின் கருத்தும் இதுவே.

ஆனால் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களும் பெரும்பாலான இமாம்களும் இதை ஏற்கவில்லை. ஹதீஸ் பொதுவாக வந்திருக்கிறது. அதில் இல்லாத நிபந்தனையை நாம் சேர்க்க ஆதாரமில்லை என்றார்கள். இமாம் நவவீ (ரஹ்) முஸ்லிம் ஷரீபின் விரிவுரையில் இரு தரப்பையும் எடுத்தெழுதி, இந்தக் கருத்தின் பக்கமே நிற்கிறார்கள். ஹனபீகளின் நிலையும் இதுவே.

மத்ரஸாவில் இந்தப் பாடத்தை ஓதியபோது ஏதோ பழைய காலத்து வாதம் என்று தோன்றும். கோர்ட் வராந்தாவில் நின்று பார்த்தால்தான் இரண்டு இமாம்களும் எதைக் கண்டு பேசினார்கள் என்பது புரியும். ஒருவர் கண்டது, வீணாக இழுக்கப்பட்டு வந்து நிற்கும் கண்ணியவானை. மற்றவர் கண்டது, எந்தப் பழக்கமும் இல்லாத ஒருவரால் நஷ்டப்பட்டு நிற்கும் ஏழையை. திண்டுக்கல் சாலையில் சைக்கிளில் போனவன் மீது லாரி மோதுகிறது. அவனுக்கும் லாரி முதலாளிக்கும் முன்பழக்கம் ஏது? முன்பழக்கம் இருந்தால்தான் கேட்கலாம் என்றால் இன்றைய காலத்தில் பாதிப்பேருக்கு வாசலே இல்லாமல் போகும். (மாலிகி மத்ஹபிலும் இதற்குப் பல விலக்குகள் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெரியவர்கள் ஏழையை மறந்து பேசியவர்கள் அல்லர்.)

நம் 1949ஆம் வருஷச் சட்டம் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் வழக்கிலேயே அது யாரையும் வாசலில் நிறுத்துவதில்லை. பழக்கமாகிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் நிறுத்துகிறது. அப்போதும் கதவைப் பூட்டிவிடாமல், “காரணத்தைக் காட்டிவிட்டு உள்ளே வா” என்கிறது. அமெரிக்காவில் சில மாநிலங்கள் வேறு வழியில் போயின. டெக்ஸாஸ் மாநிலத்தில் 2003இல் ஒரு சட்டம் வந்தது. வைத்தியத்தில் தவறு நேர்ந்தால், பட்ட வேதனைக்காக வைத்தியரிடமிருந்து கிடைக்கும் ஈட்டுத்தொகை 2,50,000 டாலருக்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு கட்டினார்கள். வீண் வழக்குகள் பெருகிவிட்டன என்பது சொன்ன காரணம். ஆனால் இந்த வரம்பு யார் மீது விழுகிறது என்று பாருங்கள். பொய் சொல்லி வந்தவனுக்குத் தீர்ப்பே கிடைக்காது. அவனுக்கு வரம்பு எதற்கு? உண்மையாகவே கை கால் இழந்து, அதை நிரூபித்தும் காட்டியவன் தலையில்தான் அது போய் உட்காருகிறது. பொய்யனைத் தடுக்கப் போட்ட வேலியில் மெய்யன் மாட்டிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நம் நாட்டிலோ நிலைமை வேறு. இங்கே வழக்குப் போடுவதால் வரும் துன்பத்தை விட, வழக்கை முடிய விடாமல் இழுப்பதால் வரும் துன்பமே பெரிது. 1949ஆம் வருஷச் சட்டத்தின் குறையும் இங்கேதான் இருக்கிறது. அது பல வழக்குகள் போடுபவனை மட்டுமே பார்க்கிறது. ஒரே ஒரு வழக்கைப் போட்டு ஒரு தடை உத்தரவை வாங்கி இருபது வருஷம் உட்கார்ந்திருப்பவன் அதன் கண்ணில் படமாட்டான். கடிதம் எழுதிய சகோதரரின் பெரியத்தா மகன் மீதும் அந்தச் சட்டம் பாயாது. அதைவிட முக்கியம், வழக்குப் போடாமலே கொடுமை செய்பவனை அது பார்ப்பதேயில்லை.

யார் அவன்? அல்லாஹ் பாகம் பிரித்துக் கொடுத்த சொத்தைச் சகோதரிக்குக் கொடுக்காமல் வைத்திருக்கும் அண்ணன்தான்! “வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போ” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திண்ணையில் சாய்ந்துகொள்கிறான். அந்தப் பெண்மணி பத்து வருஷம் பொறுத்துப் பார்த்து, பிள்ளைகளின் பசிக்காகப் பாகப் பிரிவினை வழக்குப் போட்டால், “கோர்ட்டுப் படியேறியவள்” என்ற பட்டம் அவளுக்கு. அண்ணன் முதல் ஸப்பில் தொழுகிறான்! வசதியிருந்தும் கடனைத் தள்ளிப்போடுவது அநீதம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். அந்த அநீதம் வழக்குப் போட்டவளுடையதா, போட வைத்தவனுடையதா? கடனை அடைக்கச் சக்தியுள்ளவன் இழுத்தடித்து, உரியவர் முறையிடும் நிலைக்குத் தள்ளினால், முறையீட்டுக்காக உரியவர் நியாயமாகச் செய்த செலவு முழுவதும் இழுத்தடித்தவன் தலையில் என்று இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) எழுதியிருக்கிறார்கள். மாலிகி அறிஞர் இப்னு பர்ஹூன் (ரஹ்) மறுபக்கத்தையும் சொல்கிறார்கள்: உண்மையின்றிப் புகார் செய்தவனையும் பொய்யாக உரிமை கோரியவனையும் காழீ தண்டிக்க வேண்டும்.

அப்படியானால் செலவுத் தொகையைப் பொய்யனிடமிருந்து வாங்கித்தர நம் சட்டத்தில் வழியில்லையா? இருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தில் 35ஏ என்று ஒரு பிரிவு 1922இல் சேர்க்கப்பட்டது. தெரிந்தே பொய்யான வழக்கோ, பொய்யான எதிர்வாதமோ செய்தவரிடமிருந்து எதிர்த்தரப்புக்கு ஈட்டுத்தொகை வாங்கித் தரலாம். எதிர்வாதத்தையும் சேர்த்துச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள்; சட்டம் எழுதியவர்களுக்கு அந்தத் திண்ணை அண்ணனையும் தெரிந்திருக்கிறது. ஆனால் தொகை? ஆரம்பத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேற்படக் கூடாது. 1976ஆம் வருஷத் திருத்தத்தில் 3,000 ரூபாய் ஆயிற்று. அந்த வரம்பு அன்றோடு நின்றுவிட்டது. 3,000 ரூபாய் ஒருவரையும் அச்சுறுத்தாது, ஒரு லட்சமாகவாவது உயர்த்துங்கள் என்று உச்ச நீதிமன்றமே 2011இல் எடுத்துச் சொன்னது. 2015இல் வணிக நீதிமன்றச் சட்டம் வந்தபோது, பெரிய வியாபார வழக்குகளுக்கு மட்டும் இந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். கம்பெனிக்குக் கிடைத்த நியாயம் கிணற்றுப் பங்குக்காரனுக்குக் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால், சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் இருப்பவர்கள் முதலில் கைவைக்க வேண்டிய இடம் இதுதான். வாசலைக் குறுக்காதீர்கள், பொய்யின் விலையை ஏற்றுங்கள். 2017இல் தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணத்தை நூற்றுக்கு ஏழரையிலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள். வாசலை அகலமாக்கிய நல்ல காரியம் அது. அதன் மறுபாதியான பொய்க்கு விலை ஏற்றும் வேலைதான் அப்படியே கிடக்கிறது.

வாய்தாவுக்கும் வரம்பு கட்டினார்கள். 2002 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது. தவிர்க்க முடியாத காரணமிருந்தால் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் விளக்கம் தந்தது. நம்மவர்களுக்குத் தவிர்க்க முடியாத காரணத்துக்கா பஞ்சம்? கலீபா உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்திலும் தவணை பற்றிப் பேச்சு வருகிறது. சாட்சி இருக்கிறது, கொண்டு வருகிறேன் என்பவனுக்கு ஒரு கெடு வை. கொண்டு வந்தால் அவன் ஹக்கைக் கொடு. வராவிட்டால் அவனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல் என்பது அதன் கருத்து. தவணைக்கு அங்கே ஒரு காரணம், ஒரு முடிவு இரண்டும் இருந்தன.

இனி சகோதரரின் கேள்விக்கு நேராகப் போகலாம்.

அவர் பக்கம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. தன் ஹக்கு இன்னொருவன் கையில் சிக்கி, வாங்க வழியில்லாமல் போனால், தானாகவே எடுத்துக்கொள்ள ஷரீஅத்தில் ஓரளவு இடமுண்டு. ஹிந்த் (ரலி) அவர்கள் நாயகத்திடம் வந்து, தம் கணவர் அபூஸுப்யான் குடும்பத்துக்குப் போதுமானதைத் தருவதில்லை என்று முறையிட்டார்கள். வழக்கத்தின்படி உனக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நீயே எடுத்துக்கொள் என்று பெருமானார் (ஸல்) அனுமதித்தார்கள். இதை வைத்து ஷாபிஈ இமாம்கள் ஒரு சட்டப் பகுதியே எழுதியிருக்கிறார்கள். “என் பங்குத் தண்ணீர் அவரிடம் சிக்கியிருக்கிறது. கேட்டுப் பெற வழியில்லை. ஒரு பொய் வழக்கால் அழுத்தம் கொடுத்து என்னுடையதைத்தானே மீட்கிறேன்?” என்று அவர் வாதாடலாம்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஹிந்த் (ரலி) எடுத்துக்கொண்டது தமக்குரிய பொருளை. தமக்குரிய பொருளை எடுக்க அவர்கள் யாரிடமும் பொய் சொல்லவில்லை, இல்லாத கடனை உண்டாக்கவில்லை. சகோதரர் தயார் செய்யப் போகும் புரோநோட்டில் எழுதியிருப்பது அவருடைய தண்ணீரன்று; பிறந்தேயிராத ஒரு கடன். ஹக்கை மீட்க அதைக் கருவியாக்குவதாகச் சொல்கிறார். அந்தக் கருவி அவர் கையோடு நின்றுவிடுமா? சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டுமே! பொய்ச் சாட்சியைப் பற்றிச் சொல்லும்போது நாயகம் (ஸல்) அவர்கள் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, தோழர்கள் “இனி நிறுத்திக்கொள்ள மாட்டார்களா” என்று எண்ணும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள் என்று புகாரீ ஷரீபில் வருகிறது. சகோதரரின் வயலுக்குத் தண்ணீர் பாய, வயலே இல்லாத இரண்டு ஏழைகள் அந்தப் பெரும்பாவத்தில் விழ வேண்டுமா? இதற்கு அவர் நிய்யத்து எந்த விதத்தில் ஈடாகும்?

ஒருவேளை அந்தப் பொய் வழக்கு தீர்ப்பாகிவிட்டால்? அது இன்னும் மோசம். தம்மிடம் வருபவர்களில் ஒருவர் மற்றவரைவிட வாதத் திறமை மிக்கவராக இருக்கக்கூடும். கேட்டதை வைத்தே தாம் தீர்ப்பளிப்பதாகவும், அதனால் பிறர் ஹக்கு ஒருவருக்குக் கிடைத்துவிட்டால் அது நெருப்புத் துண்டு என்றும் பெருமானாரே எச்சரித்திருக்கிறார்கள். வஹீ இறங்கிய நபியின் தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது என்றால், முன்சீப்பின் டிக்ரி என்ன செய்துவிடும்?

சரி, பொய் வழக்கு வேண்டாம். உண்மையான உரிமையை வைத்தே அவரைத் தொல்லைப்படுத்தினால் என்ன என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் ஒரு சம்பவம் உண்டு. ஸமுரா இப்னு ஜுன்துப் (ரலி) அவர்களுக்கு ஓர் அன்ஸாரித் தோழரின் தோட்டத்துக்குள் ஒரு பேரீச்ச மரம் சொந்தம். அவர் போக வர, தோட்டக்காரரின் குடும்பத்துக்குச் சங்கடம். விற்றுவிடு, மாற்றிக்கொள், அன்பளிப்பாகக் கொடுத்துவிடு என்று நாயகம் (ஸல்) ஒவ்வொன்றாகச் சொல்லியும் அவர் இணங்கவில்லை. நீ துன்பம் கொடுப்பவர் என்று சொல்லி, மரத்தைப் பிடுங்கிவிடும்படி அன்ஸாரிக்கு உத்தரவிட்டார்கள். அபூதாவூதில் வரும் இந்த அறிவிப்பின் தொடரில் பேச்சு உண்டு. ஆனாலும் துன்புறுத்தலும் கூடாது, பதிலுக்குத் துன்புறுத்தலும் கூடாது என்ற பிரபலமான விதியோடு அது ஒத்துப் போகிறது. மரம் அவருடையதுதான், பாதையும் அவருக்கு உண்டு. உரிமை உண்மையாக இருந்தும் அதைப் பயன்படுத்திய விதம் தவறாயிற்று. நம் வண்டிப்பாதைத் தகராறுகள் பாதியும் அந்த ஒற்றைப் பேரீச்ச மரத்தின் கதைதான்.

எனவே பதில், கூடாது. ஆனால் கூடாது என்று சொல்லிவிட்டு ஆறு வருஷமாகக் காய்ந்த வயலோடு அவரை விட்டுவிட எனக்கு உரிமையில்லை. “ஸபர் செய்யுங்கள்” என்று மட்டும் சொல்வது ஆலிம்களுக்குச் சுலபம். உண்மையைக் கொண்டே போராட என்ன வழிகள் இருக்கின்றன என்று அனுபவமுள்ள வக்கீல் ஒருவரிடம் நான் விசாரித்தேன். வியப்பாக இருந்தது. பொய் யோசனை சொன்னவர் மறைத்துவிட்ட வழிகள் பல இருக்கின்றன.

முதலாவது, பெரியத்தா மகன் போட்ட அதே வழக்கில், எதிருரையோடு தம் பங்கைக் கோரி எதிர்க் கோரிக்கை வைக்கலாம். இதுவும் எதிர் வழக்குத்தான், ஆனால் உண்மையான எதிர் வழக்கு. வாதி தம் வழக்கை விட்டுவிட்டுப் போனாலும் இது நிற்கும். இரண்டாவது, நோட்டீஸ் கொடுக்காமல் வாங்கிய தடை உத்தரவு என்றால், மனுவில் தெரிந்தே பொய் சொல்லியிருக்கிறார் என்று காட்டி அதை நீக்கும்படி கேட்கலாம். போதிய காரணமின்றித் தடை வாங்கி நஷ்டப்படுத்தியதற்கு 50,000 ரூபாய் வரை ஈட்டுத்தொகை கேட்க 95ஆவது பிரிவு இடம் தருகிறது. காய்ந்த பயிருக்கு ஏதோ கொஞ்சமாவது. கிணற்றையும் பாதையையும் நேரில் பார்த்து அறிக்கை தர வக்கீல் கமிஷனர் ஒருவரை அனுப்பும்படி மனுச் செய்யலாம். பழைய அடங்கலில் கிணற்றுப் பாசனம் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று தாலுகா ஆபீசில் நகல் எடுக்கலாம். பாட்டனார் காலத்துப் பாகப் பத்திரம் இருந்தால் அதுவே பெரிய சாட்சி. நீதிமன்றத்தில் தெரிந்தே பொய்யாக உரிமை கோருவது தண்டனைக்குரிய குற்றம் என்பது பழைய தண்டனைச் சட்டத்திலும் இருந்தது. 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் அதில் நடவடிக்கை எடுக்க வேண்டியது நீதிமன்றமே. நாமாகப் போய் வழக்குப் போட முடியாது. அதனால்தான் அது அபூர்வமாக நடக்கிறது.

இன்னொன்று மக்கள் நீதிமன்றம். 1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி அமைந்தது. அங்கே ராஜியானால் அது சிவில் கோர்ட் டிக்ரிக்குச் சமம். அதன்மேல் அப்பீல் கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். பெண்களாக இருந்தால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உதவி கிடைக்கும். பாகம் கேட்டு நிற்கும் சகோதரிகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜமாஅத்தில் பேசித் தீர்ப்பது எல்லாவற்றிலும் நல்லதுதான்; ஸுல்ஹு நன்மையானது என்று திருமறை சொல்கிறது. ஆனால் இங்கே முத்தவல்லிகளுக்கும் நாட்டாண்மைகளுக்கும் ஒரு வார்த்தை. ஹராமை ஹலாலாக்கும் ஸுல்ஹு செல்லாது. “குடும்ப மானம் போகிறதம்மா, விட்டுக்கொடுத்துவிடு” என்று அழுகிற பெண்ணிடம் கையெழுத்து வாங்குவது ஸுல்ஹு அல்ல, ராளீ இல்லாத ராஜி அது. ஜமாஅத்துக்கோ பத்வாவுக்கோ யாரையும் கட்டாயப்படுத்தும் சட்ட வலிமை இல்லை என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது நம்மில் சிலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு வருத்தமில்லை. கட்டாயப்படுத்த முடியாதபோதுதான் நீதமாகப் பேச வேண்டிய அவசியம் நமக்கு வரும்.

அன்ஸாரிகள் இருவர் பழைய வாரிசுச் சொத்து ஒன்றுக்காக நாயகத்திடம் வந்தார்கள். இருவரிடமும் சாட்சியில்லை. நெருப்புத் துண்டு என்ற எச்சரிக்கையைக் கேட்டதும் இருவரும் அழுது, என் பங்கும் உனக்கே என்று ஒருவரையொருவர் முந்தினார்கள். அப்போதும் பெருமானார் (ஸல்) அவர்களை அப்படியே அனுப்பிவிடவில்லை. நியாயத்தைத் தேடிப் பங்கிடுங்கள், சீட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு ஒருவரையொருவர் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று முறை சொல்லி அனுப்பினார்கள். உருக்கத்தோடு பங்கும் நடந்தது.

மேலூர்ச் சகோதரர் இந்தச் சம்பவத்தைப் பெரியத்தா மகனிடம் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். பெரியம்மா உயிரோடு இருப்பதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த அம்மாவை முன்வைத்துப் பேசுவது இன்னும் நல்லது. கேட்டால் மக்கள் நீதிமன்றத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டுவிடலாம். கேட்காவிட்டால் அடுத்த வாய்தாவுக்கு முன்பாகவே எதிர்க் கோரிக்கையையும் கமிஷனர் மனுவையும் தாக்கல் செய்யச் சொல்லி வக்கீலிடம் போகட்டும். புரோநோட்டுக்காக வாங்கி வைத்த முத்திரைத்தாள் வீட்டில் இருந்தால், அதை இன்றைக்கே கிழித்துவிட வேண்டும்.